ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வில்

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை தானாக வருவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று வில்லால் அடித்து இறக்க வேண்டும்.

வெயில் தணிந்ததும் மேற்கே காற்றாலைகளுக்கு மேலாக அவை கூட்டமாக வரும். நாரையைவிடப் பெரியவை, மேகத்தைவிடச் சிறியவை. அவசரமில்லாமல் பறக்கும். அம்பு நுனியில் தக்கை செருகியிருப்பதால் அவற்றுக்கு வலிக்காது. பட்டதும் தலையைத் திருப்பி ஒருமுறை பார்க்கும். பிறகு வட்டமடித்து இறங்கி, அடித்தவர் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொள்ளும். அந்த வீட்டுக்கு மறுநாள் ஞாயிறு. குறி தவறிய வீட்டுக்கு மறுநாள் திங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஷூவை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். ஆசிரியர்களிலும் குறி தவறியவர்கள் இருப்பதால் பாடம் நடக்கும்.

எங்கே படுகிறது என்பது முக்கியம். நெஞ்சில் பட்டால் முழு ஞாயிறு. சிறகில் பட்டால் மத்தியானம்வரைதான். வாலில் பட்டால் சொந்தக்காரர்கள் வருவார்கள்.

என் பெயர் வேலாயுதம். டெய்லர்கள் தெருவில் தையல் மெஷின் பழுது பார்க்கிறேன். என் மனைவி செண்பகவல்லி மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே விடுதியில் தங்கி வேலை பார்த்து, சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருவாள். அவள் வருவதற்குள் கூட்டம் கடந்து போயிருக்கும். அதனால் அடித்து இறக்குவது என் பொறுப்பு.

என்னிடம் இருந்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்து விளையாட்டுச் சாமான் கடையில் கிரிக்கெட் மட்டைகளோடு தொங்கவிட்டிருந்த ஃபைபர் வில். நாணை விட்டதும் கை உதறும். அம்பு எப்போதும் சிறகில்தான் படும். நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து குழம்பு முடிந்து ரசத்துக்குக் கரண்டியை எடுக்கும்போது திங்கள் ஆரம்பித்துவிடும். செண்பகவல்லி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு பையை எடுப்பாள்.

“ரசம் அடுத்த வாரம்” என்று சொல்லிவிட்டுப் போவாள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து மோர்வரை போனதில்லை.

அடுத்த வீட்டு ரசூல் மைதீன் பாய்க்கு டயர் கடை. அவரிடமும் அதே ஃபைபர் வில்தான். ஆனால் வாரம் தவறாமல் முழு ஞாயிறு இறக்குவார். தினமும் காலையில் சுவரில் மாட்டிய பழைய டிராக்டர் டயரின் ஓட்டைக்குள் அம்பு விட்டுப் பழகுகிறவர். என்னையும் சேர்த்துக்கொண்டார். பல மாதம் அவரோடு பழகினேன். தோள் நன்றாகத் திரண்டது. இடது சிறகில் பட்டுக்கொண்டிருந்த அம்பு வலது சிறகில் படத் தொடங்கியது.

“நாகர்கோவில்ல ஒரு டாக்டரம்மா அளவெடுத்து வில் செஞ்சு தராங்களாம் பாய்” என்றேன். “மூங்கில், எருமைக் கொம்பு, நரம்பு எல்லாம் சேர்த்து ஒட்டினது. கை உதறவே உதறாதாம்.”

“என்ன விலை?”

“ஒரு புது ஸ்கூட்டர் வாங்கலாம்.”

பாய் வில்லைக் கீழே வைத்தார். “தம்பி, வில்லுக்கா காசு போடுவாங்க? தோளுக்குக் கஞ்சி ஊத்துங்க. இன்னும் ஒரு வருஷம் பழகுங்க. நெஞ்சுல விழும்.”

ஸ்கூட்டருக்கென்று நாங்கள் கட்டிவந்த சீட்டு அந்த மாதம்தான் முடிந்திருந்தது. செண்பகவல்லிக்குப் போன் செய்து கேட்டேன். வார்டில் யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வாங்கிக்கோங்க” என்றாள். “ஸ்கூட்டர்ல ஏறித் துரத்தினா ஞாயித்துக்கிழமை மாட்டுமா?”

டாக்டர் ஞானதிலகம் பல் டாக்டர். பல்லை விட்டுவிட்டு வில்லுக்கு வந்தவர். பழைய பல் நாற்காலியை மட்டும் வைத்திருந்தார். வில் கேட்டு வருகிறவர்களை அதில்தான் உட்காரவைத்து அளவெடுப்பார். நல்ல சிவப்பில் கண்ணாடி போட்டு, எதற்கும் உரக்கச் சிரிக்கிறவர்.

“எவ்வளவு நல்லாக் கட்டினாலும் பல்லு சோத்தைத்தான் மெல்லும். அலுத்துப்போச்சு” என்றார். “ஆ காட்டுங்க.”

ஆ காட்டினேன்.

“நாணை இழுத்தா அது வந்து நிக்கிற இடம் வாய் ஓரம். அங்க எந்தப் பல் இருக்கு, எப்படி இருக்குன்னு தெரியாம வில் செய்யக் கூடாது. கடைக்காரங்க யாரும் பல்லைப் பாக்கிறதில்ல.”

டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தோளிலிருந்து விரல் நுனிவரை நாடாவால் அளந்தார். உள்ளங்கையை மெழுகில் அழுத்தி அச்செடுத்தார். இருமச் சொன்னார். இருமினேன். கடைசியாக, “ஞாயித்துக்கிழமை என்ன செய்வீங்க?” என்று கேட்டார்.

யோசித்துச் சொன்னேன். எட்டு மணிவரை தூங்குவேன். ஆட்டுக்கறி வாங்கி நானே குழம்பு வைப்பேன். பேப்பர் படிப்பேன். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவேன். செண்பகவல்லியைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. அவளை ஒரு வேலையாக நான் நினைத்ததில்லை.

“போதும்” என்றார் டாக்டர். “நரம்பு காய ஒரு மழையும் ஒரு வெயிலும் ஆகும். அவசரப்படுத்தாதீங்க.”

வெயில் முடிந்து வில் வந்தது. தேன் நிறம். கையில் எடுத்தபோது எடையே தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை மாடியில் நின்று நாணை இழுத்தேன். அது வாய் ஓரத்தில் வந்து, அங்கேயே பிறந்ததுபோல நின்றது. விட்டேன். கை உதறவில்லை. சத்தமும் இல்லை. கூட்டத்தின் நடுவில் பறந்த ஒன்றின் நெஞ்சில் தக்கை பட்டது. அது என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இறங்கியது. பக்கத்து மாடியிலிருந்து பாய் கைதட்டினார்.

செண்பகவல்லி வந்ததும் அதைக் காட்டினேன். சுற்றி வந்து பார்த்தாள். “நாளைக்கு மோர் உண்டு” என்றாள். சந்தோஷமாகத் தூங்கினோம்.

காலையில் எட்டு மணிக்கு விழித்தேன். கட்டிலில் அவள் பக்கம் காலியாக இருந்தது. அவளுடைய பையும் இல்லை. போன் செய்தேன்.

“நான் வார்டுல இருக்கேங்க. எனக்குத் திங்கக்கிழமை.”

“எனக்கு ஞாயிறு.”

“முழுசாவா?”

“முழுசா.”

“நல்லாருக்கா?”

நன்றாகத்தான் இருந்தது. கறிக்கடையில் எனக்கு முன்னால் ஆளில்லை, பின்னாலும் இல்லை. கடைக்காரர் நான் கேட்பதற்கு முன் நெஞ்செலும்பை வெட்டினார். பேப்பர் நான் படிக்கும் வேகத்துக்குச் சரியாக முடிந்தது. வாசலில் நாற்காலியைப் போட்டபோது வெயில் என் பாதத்தில் மட்டும் விழுந்தது. அளவு அவ்வளவு கச்சிதம். வேறு யாரும் உள்ளே வர ஒரு விரற்கடை இடமில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் ஞாயிறு நடந்துகொண்டிருந்தது, ஆனால் என் ஞாயிற்றின் விளிம்பு எதோடும் ஒட்டவில்லை. பாய் வீட்டுப் பிரியாணி வாசனை மதில்வரை வந்து திரும்பிப் போனது.

குழம்பு அன்றைக்கு என் வாழ்நாளிலேயே நன்றாக வந்திருந்தது. அதைச் சொல்ல ஆளில்லை. தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மதுரை வண்டி நின்றது. ஏறப்போனேன். கண்டக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

“இது திங்கக்கிழமை வண்டிங்க. உங்கள ஏத்த முடியாது.”

“குழம்பு?”

அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். “குழம்புக்குக் கிழமை கிடையாது. குடுங்க.”

சாயங்காலம் செண்பகவல்லி போனில் சொன்னாள்: “குழம்பு அருமை. எலும்பை மட்டும் வார்டுல ஒரு தாத்தா கேட்டார், குடுத்துட்டேன்.” நான் சிரித்தேன். சிரிப்பு சுவரில் பட்டு என்னிடமே வந்தது. போனைக் கீழே வைக்காமல் வெகுநேரம் காதில் வைத்திருந்தேன். மறுநாள் நான் திங்களுக்கு வந்தபோது அவள் செவ்வாய்க்குப் போயிருந்தாள். புதன் வாக்கில்தான் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம்.

டாக்டருக்குப் போன் செய்தேன்.

“அளவு சரியா இருக்கா?” என்று கேட்டார்.

“ரொம்பச் சரியா இருக்கு டாக்டர். என் வீட்டுக்காரி உள்ள வர இடமில்ல.”

“நீங்க ஒருத்தர்தானே வந்தீங்க? ஒருத்தருக்குத்தான் அளவெடுத்தேன்.” உரக்கச் சிரித்தார். “அவங்களையும் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் ஒண்ணு செஞ்சிரலாம்.”

“அப்ப ரெண்டு ஞாயிறு ஆயிடுமே?”

“ஆமா. ரெண்டும் நல்ல ஞாயிறு.”

அடுத்த சனிக்கிழமை பாய் ஒரு யோசனை சொன்னார். அந்த வில்லால் அவர் அம்பு விட்டுப் பார்ப்பதாக. அவர் விட்டால் அளவு கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், அவர் ஞாயிற்றுக்குள் என் வீட்டாரும் நுழையலாம் என்றார். அவர் மாடியில் நின்று விட்டார். நெஞ்சில் பட்டது. ஆனால் அது அவர் மாடியில் உட்காராமல், மதிலைத் தாண்டி என் மாடிக்கு நடந்து வந்து உட்கார்ந்தது. மறுநாள் பாய்க்குத் திங்கள் ஆகிவிட்டது. கடையைத் திறந்து இரண்டு லாரிகளுக்கு டயர் விற்றார்.

“வியாபாரம் பரவாயில்ல தம்பி” என்றார். “பிரியாணிதான் போச்சு.”

ஃபைபர் வில்லுக்கே திரும்பிவிடலாம் என்று செண்பகவல்லியிடம் சொன்னேன்.

“இவ்வளவு போட்டு வாங்கிட்டு மூலைல வைக்கவா? இந்தச் சனிக்கிழமை நான் ஷிஃப்ட் மாத்திட்டு மத்தியானமே கிளம்பி வாரேன். எனக்கும் அது எப்படி இருக்குன்னு பாக்கணும்.”

வந்தாள். நர்ஸ் உடுப்பை மாற்றாமல் நேராக மாடிக்கு ஏறினாள். கூட்டம் காற்றாலைகளைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. வில்லை வாங்கி இழுத்தாள். நாண் பாதிதான் வந்தது. மறுபடி இழுத்தாள். அவள் நெற்றியில் நரம்பு புடைத்தது.

“இது உங்க கைக்குத்தான் வளையுது.”

“விடு.”

“விடமாட்டேன். நீங்க வில்லைப் பிடிங்க. நான் நாணை இழுக்கேன்.”

வில் என் இடது கையில் இருந்தது. அவள் எனக்கு முன்னால் நின்று நாணைப் பிடித்தாள். என் வலது கையை அவள் கைமேல் வைத்து இருவரும் இழுத்தோம். நாண் என் வாய் ஓரத்துக்கு வரவேண்டும். ஆனால் அங்கே அவள் கன்னம் இருந்தது. அவள் தலையில் டெட்டால் வாசனையும் பிச்சிப்பூ வாசனையும் வந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது.

“சிரிக்காதீங்க, ஆடுது.”

“நீதான் சிரிக்கிற.”

அம்பு எங்களைக் கேட்காமல் போய்விட்டது.

கூட்டத்தின் மேலே ஏறி, ஒன்றின் மீதும் படாமல் தாண்டிப் போனது. ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக எங்கள் தலைக்கு மேல் கடந்தன. கடைசி ஒன்றும் போனது. பாய் தன் மாடியில் தனக்கானதை இறக்கிவிட்டு, எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். செண்பகவல்லி நாணிலிருந்து கையை எடுத்துத் தடவிக்கொண்டாள். விரல்கள் சிவந்திருந்தன.

“திங்கள்தான்” என்றேன்.

“ரெண்டு பேருக்கும் திங்கள். அதுவே பெருசு” என்றாள்.

அப்போது கூட்டத்துக்கு வெகு பின்னால், தனியாக, மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்று வந்தது. குட்டையாக, குண்டாக, கத்தரிப்பூ நிறத்தில். எங்கள் அம்பு வானத்தில் இன்னும் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் சந்தித்துக்கொண்டன. அது தொப்பென்று எங்கள் தண்ணீர்த் தொட்டிமேல் விழுந்து, இறகைச் சிலுப்பிக்கொண்டது.

அது எல்லாவற்றுக்கும் பின்னால் வந்ததால், ஊரில் எல்லோருக்கும் ஞாயிறும் திங்களும் முடிந்தபிறகுதான் எங்களுக்கு விடியும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஆகவில்லை. மறுநாள் எல்லோருக்கும் சேர்த்தே விடிந்தது. கோலத்தில் புள்ளி வைத்துவிட்டுப் பெண்கள் நின்று வானத்தைப் பார்த்தார்கள். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதிக்குத் தூக்கிவிட்டு அதன் கீழே உட்கார்ந்து பேசினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை. அந்த நாளுக்கு ஷிஃப்ட் போடவில்லை என்று செண்பகவல்லி சொன்னாள். நோயாளிகள் எல்லோரும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பதாகவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

சாப்பிட்டோம். குழம்பு, ரசம், மோர். மோருக்குப் பிறகும் நாள் மீதி இருந்தது. அதை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியாததால் தாயம் விளையாடினோம். அவள் என் காயை வெட்டினாள். நான் கோபித்துக்கொண்டேன். அவள் இன்னொன்றையும் வெட்டினாள். அதற்கு முன் நாங்கள் சண்டை போட நேரம் இருந்ததில்லை. நன்றாக இருந்தது.

பாய் மாடி ஏறி வந்து, தொட்டிமேல் இருந்ததை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்தார்.

“இது என்ன கிழமை?”

“தெரியல பாய்.”

“என் தோளுக்கு இது விழாது” என்று ஒத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார். “அந்த டாக்டரம்மா நம்பர் இருந்தாக் குடுங்க. வீட்டுல கூட்டிட்டுப் போய் ரெண்டு பேருக்கும் சேர்த்து அளவு எடுக்கச் சொல்றேன்.”

“விலை கூட இருக்கும் பாய்.”

“இருக்கட்டும்” என்றார்.

இறங்கிவந்த கிழமைகள் மறுநாள் சாயங்காலம் எழுந்து பறந்துவிடுவது வழக்கம். எங்களுடையது எழுந்திருக்கவில்லை. காலை மடக்கி இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது. செண்பகவல்லி தொட்டிமேல் ஏறி, அதன் வயிற்றுக்கடியில் கையை விட்டாள். வெதுவெதுப்பாக மூன்று முட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு என் காதில் வைத்தாள். உள்ளே கடுகு வெடிக்கிற சத்தமும், ஒரு பெண் யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற குரலும் கேட்டன.

“குளிரப்போகுது” என்றாள் செண்பகவல்லி.

கீழே போய்ப் போர்வையை எடுத்துவந்தேன்.