உங்கள் நிம்மதிக்காக

அன்று காலை இன்ஷிராஹ் பால்கனியில் நின்று ரொட்டிக்காரன் ஷாபானைப் பிடித்த பிடியில் எதிர்வீட்டு சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. நோன்பு மாதத்தில் காலை ரொட்டி கிடையாது; அது முடிந்து இத்தனை நாளாகியும் வீட்டுக்கு ரொட்டி வரவில்லை. இம்பாபாவின் அந்தச் சந்தில் யாரும் மாடியேறி ரொட்டி கொடுப்பதில்லை. ஷாபான் கீழே சைக்கிளை நிறுத்தி ஒரு ரன்னா கொடுப்பான். மூன்றாம் மாடியிலிருந்து அவள் கயிற்றில் கட்டிய கூடையை இறக்குவாள். ரன்னா என்றால் ஒரே ஒரு மணி, அவ்வளவுதான். அடித்ததும் வைத்துவிட வேண்டும். அதைப்போய் யாராவது எடுத்துவிட்டால், அடித்தவனுக்குக் காசு போகும், எடுத்தவனுக்கு மரியாதை போகும். சந்தில் பாதிப் பேச்சு வார்த்தையே இல்லாமல் இந்த ஒற்றை மணியில்தான் நடந்துகொண்டிருந்தது. ‘வந்துவிட்டேன்’, ‘இறங்கி வா’, ‘உலை வை’, எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஷாபானின் தலையில் ரொட்டித் தட்டு இருந்தது. கட்டில் அகலம். நிமிர்ந்தால் சரிந்துவிடும் என்பதால் அவன் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே, ரிஹாபின் அம்மா என்று சந்தே கூப்பிடுகிற பெயரில் பதில் சொன்னான்.

“தினம் அடிக்கிறேன் உம்மு ரிஹாப். உங்க கூடைதான் இறங்க மாட்டேங்குது. நம்ம மேல ஏதோ கோவம் போலன்னு நானும் போயிட்டேன்.”

“எனக்கென்னடா உன்மேல கோவம்?”

“சொந்தத் தங்கச்சியவே வேணாம்னு சொன்னவங்க, ரொட்டிக்காரன் எம்மாத்திரம்.”

அவளுக்குச் சுரீரென்றது. இருக்கிற ரொட்டியை எல்லாம் தட்டோடு வாங்கி அவன் தலையிலேயே கவிழ்க்கலாம் என்று வந்தது. அதற்குள் ஷாபான் ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். இதோ இப்போதே அடிக்கிறேன், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள் என்றான். அவன் போனில் மணி போகிற சத்தம் மேலே வரைக்கும் மெல்லக் கேட்டது. அவள் கையிலிருந்த போன் பொம்மை மாதிரி கிடந்தது. ஒளி இல்லை, அதிர்வு இல்லை, பிறகு பார்த்தால் பெயர்கூட இல்லை. எதிர்வீட்டுக்காரி, “நிஜமாத்தான் அடிச்சான், நானும் கேட்டேன்” என்று சாட்சி சொன்னாள்.

இன்ஷிராஹுக்கு ரொட்டி மறந்துபோனது. தஃபீதாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

தஃபீதா அவள் தங்கை. நைல் நதிக்கு அந்தப் பக்கம் ஷுப்ராவில் இருக்கிறாள். இரண்டு வருடம் முன்பு தன் மகன் ஹம்திக்கு இன்ஷிராஹின் மகள் ரிஹாபைக் கேட்டு வந்தாள். ரிஹாபுக்கு இஷ்டமில்லை. அதை நல்லபடியாகச் சொல்லியிருக்கலாம். இன்ஷிராஹோ வாய் சும்மா இராமல், “பையன் மூக்கைப் பார்த்தே பொண்ணு பயந்துட்டா” என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்த மூக்கு இவர்களுடைய அப்பாவின் மூக்கு. தஃபீதாவின் மூக்கும் அதுதான். தஃபீதா எழுந்து அலமாரியிலிருந்த குர்ஆனை எடுத்துக் கை வைத்தாள். “இனி நான் சாகுற வரைக்கும் என் வாயிலேருந்து ஒரு சொல்லு உன் காதுல விழாது” என்று சத்தியம் பண்ணிவிட்டுச் செருப்பை மாட்டினாள். அதற்குப் பரிகாரம் உண்டு, பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டுச் சத்தியத்தை விலக்கிக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் ஷேக் சொல்லியனுப்பினார். திருப்பித் தின்பதற்கா சத்தியம் பண்ணினேன் என்று கேட்டாளாம்.

ஆனால் சில வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து தெருவில் ஆட்கள் கலைகிற நேரம், இன்ஷிராஹின் போன் ஒரு தடவை அடித்து நின்றது. பார்த்தால் தஃபீதா. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். மணி சொல்லில்லையே. சத்தியத்தில் மணியைப் பற்றி ஒன்றுமில்லையே. அவளும் ஒரு மணி அடித்து வைத்தாள். அன்றிலிருந்து வெள்ளி தவறியதில்லை. இருக்கிறேன், நீயும் இருக்கிறாயா, இருக்கிறேன். சிறிசுகளுக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் போனை விட்டு நகர்ந்ததே இல்லை.

இந்த ரமலானுக்குக் கொஞ்சம் முன்பு அந்த மணி நின்றுபோனது. ஒரு வெள்ளி போனது, மறதியாக இருக்கும் என்றாள். நோன்பு வெள்ளிகளும் போயின. மனசில் கல் விழுந்தது. பெருநாள் காலையில், மூத்தவள் என்ற வீம்பையும் விழுங்கிக்கொண்டு இவளே முந்திக்கொண்டு ஒரு மணி அடித்தாள். திரும்பி வரவில்லை. மாலை வரை பார்த்தாள், வரவில்லை. அடுத்த வாரம் ரிஹாபின் கல்யாணச் சீர் பாத்திரங்களை மொட்டைமாடியில் பரப்பி வைத்திருந்தபோது பார்க்க வந்த ஒருத்தி, சித்தி எப்போ வர்றாங்க என்று கேட்டுத் தொலைத்தாள். “எனக்குத் தங்கச்சியே கிடையாது. எங்கம்மா என்னை மட்டும்தான் பெத்தா” என்றாள் இன்ஷிராஹ். இருட்டுவதற்குள் அந்தச் சொல் பாலத்தைத் தாண்டி ஷுப்ராவுக்குப் போய்விட்டது. கல்யாணத்துக்கு ஊரையே அழைத்தாள், அவளை அழைக்கவில்லை. ரிஹாப் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். குடும்பத்தில் தஃபீதா மாதிரி குலவையிட ஆள் கிடையாது. அவள் குலவை எழுந்தால் தெருக்கோடி டீக்கடைக்காரன்கூட எழுந்து நிற்பான். இன்ஷிராஹ் குலவையிட்டால் மீன்முள் சிக்கினாற்போல் இருக்கும். குலவைதானே வேணும், ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளலாம் என்று மகளிடம் எரிந்து விழுந்தாள். கல்யாணம் நாளை மறுநாள், வியாழக்கிழமை.

தலைத்துணியைக் கட்டின பாதி கட்டாத பாதியாக அவள் கிரொல்லோஸின் கடைக்குப் போனாள். போனைத் திறக்கத் தெரிந்தவன் எவனும் அந்தப் பக்கத்தில் இஞ்சினியர்தான். கிரொல்லோஸ் வழுக்கை விழுந்த, பொறுமையான இஞ்சினியர். கடையில் ஏற்கெனவே நாலு பேர் கடுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டாக்சிக்காரர் போனில் ரேடியோவைக் காணோம் என்று புலம்பிக்கொண்டிருந்தார். நேற்றுவரை இருந்ததாம், ராத்திரி தூங்கி எழுந்தால் இல்லையாம். வீட்டில் திருடன் புகுந்தால்கூட கதவை உடைத்துத்தான் வருவான், இது சொல்லாமல் வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது என்றார்.

கிரொல்லோஸ் அவள் போனை வாங்கி, தன் போனிலிருந்து ஒரு மணி அடித்துப் பார்த்தார். சத்தமில்லை. உள்ளே எங்கெங்கோ போய் நோண்டிவிட்டு ஒரு வரியைப் படித்துக் காட்டினார். ‘உங்கள் நிம்மதிக்காக, தொந்தரவு தரும் அழைப்புகளை இனி நாங்களே கவனித்துக்கொள்கிறோம்.’ ரமலானுக்கு முன் சார்ஜில் கிடந்தபோது அப்டேட் தானாக ஏறியிருக்கிறது. ஒரு நம்பர் எப்போதும் ஒரே மணி அடித்து வைக்கிறது, அதோடு ஒரு தடவைகூடப் பேசியதில்லை என்றால், அது ஏமாற்றுக்காரன் நம்பர் என்று போன் தானே முடிவு கட்டிவிடுமாம். மூன்று நான்கு மணி விடாமல் அடித்தால் மட்டும் வெளியே விடுமாம்.

“சரி, அதை எடுத்து விடுங்க இஞ்சினியரே.”

“எடுக்க வழியில்ல ஹஜ்ஜா. பழசுல ஒரு பட்டன் இருந்துச்சு. புதுசுல அதத் தூக்கிட்டாங்க.”

“தூக்கி எங்க வெச்சாங்க?”

“எங்கயும் வெக்கல.”

அடித்தவர்கள் பெயராவது உள்ளே எங்காவது கிடக்குமா என்று கேட்டாள். அதையும் துடைத்துவிடுகிறது, இடத்தை அடைக்கக் கூடாதாம் என்றார் கிரொல்லோஸ். பழையபடி மாற்ற முடியாதா என்றாள். மாற்றினால் போன் பூட்டிக்கொள்ளும். அடுத்த அப்டேட்டில் ஒருவேளை சரியாகும், கம்பெனிக்கு எழுதிப் போடலாம், நட்சத்திரம் கொடுக்கிற இடத்தில் ஒன்று மட்டும் கொடுக்கலாம் என்று அவர் பாவம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்.

“யாருய்யா இவனுங்ககிட்ட நிம்மதி கேட்டா?” என்றாள் இன்ஷிராஹ். குரல் உயரவில்லை. அதனாலேயே டாக்சிக்காரர் புலம்பலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “என் வீட்டுக்கு யாரு வரணும், யாரு வரக்கூடாதுன்னு முடிவு பண்ண இவன் யாரு? என் மாமியாரா?”

தஃபீதா அடித்தாளா அடிக்கவில்லையா என்பது இனி யாருக்குமே தெரியாது. ரமலான் வெள்ளிகளில் மணிகள் வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஒன்றுமே வராமலும் இருந்திருக்கலாம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடித்தாள் என்று தெரிந்தால் காலில் விழலாம். அடிக்கவில்லை என்று தெரிந்தால் நிம்மதியாகத் திட்டலாம். இந்தப் பாழாய்ப்போன சாமான் இரண்டுக்கும் வழியில்லாமல் செய்துவிட்டது.

கிரொல்லோஸ் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்தப் பக்கமிருந்து மணி அடிப்பவரிடம் இருப்பது என்ன போன் என்று கேட்டார். இதேதான் என்றாள். குவைத்திலிருந்து தம்பி ஷவ்கி வாங்கி வந்தது. ஒருத்திக்கு உசத்தி ஒருத்திக்கு மட்டம் என்று சண்டை வரக்கூடாதென்று நிறம்கூட மாறாமல் ஒரே மாதிரி இரண்டு. அவர் மேசைமேல் இருந்த திருகாணிகளைக் கூட்டி ஒதுக்கினார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெருநாள் காலையில் வீம்பை விழுங்கி அடித்த மணியும் போய்ச் சேரவில்லை. தஃபீதாவும் அங்கே ஒவ்வொரு வெள்ளியும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாள். அதற்கு மேலே, தங்கச்சியே கிடையாது என்ற சொல் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வீட்டில் ரிஹாப் இல்லை, மருதாணிக்காரியைப் பார்க்கப் போயிருந்தாள். இன்ஷிராஹ் செருப்பைக் கழற்றாமலே சமையலறையில் உட்கார்ந்து தங்கையின் பெயரை அழுத்தினாள். ஒரு மணி. பழக்கத்தில் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு. மூன்று. இப்படி விடாமல் அடித்தால் எடு என்று அர்த்தம். எடுத்தால் சத்தியத்தின் விளிம்பில் நிற்கவேண்டும். எடுக்கமாட்டாள், அவளைத் தெரியாதா. ஐந்தோ ஆறோ போனபின் மணி நின்றது. எடுத்துவிட்டாள்.

பேச்சில்லை. மூச்சு கேட்டது, அப்பாவின் மூக்கு விடுகிற அதே மூச்சு. டீக்கோப்பையில் கரண்டி சுற்றிக்கொண்டிருந்த சத்தம் பாதியில் நின்றது.

“நீ பேசாத. சத்தியம் பண்ணது நீ, நான் இல்ல. அதனால நான் பேசுறேன், நீ கேளு” என்று ஆரம்பித்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனை எடுத்தாள், வாயில் வந்ததெல்லாம் வசவு. “ஒரு மணியோட நிறுத்திக்குவியா? அக்கா திரும்ப அடிக்கலைன்னா செத்துட்டாளான்னு ஒரு எட்டு வந்து பார்க்கமாட்டியா? பாலம் உடஞ்சா போச்சு? பெருநாளைக்கு அடிச்சேன்டி. மூத்தவ, நான் அடிச்சேன். இந்தச் சனியன் முழுங்கிடுச்சு. உன்னுதையும் முழுங்கியிருக்கும். நம்ம ரெண்டு பேரும் ஏமாத்துக்காரிங்களாம், இதுக்குத் தெரிஞ்சிருக்கு. மொட்டைமாடில ஒண்ணு சொன்னேன். சொன்னேன்தான். எரிச்சல்ல சொன்னேன். அந்த மூக்கைப் பத்திச் சொன்னதும் நான்தான், அது நம்ம அப்பா மூக்கு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும். வியாழக்கிழமை உன் பொண்ணு ரிஹாபுக்குக் கல்யாணம். குலவைக்கு ஸ்பீக்கர் சொல்லியிருக்கேன், தெரியுமா? ஸ்பீக்கர்!”

மூச்சு அப்படியே இருந்தது. கன்னம் பட்டதில் போன் தானாகவே சத்தத்தைப் பெரிதாக்கிக்கொண்டது. அங்கே தெருவில் யாரோ கோழி விற்றுக்கொண்டு போனது இங்கே சமையலறைக்குள் கேட்டது. பிறகு காதோரம் ஒரு அதிர்வு. எடுத்துப் பார்த்தாள். திரை முழுக்க ஒரு வெள்ளைப் பெட்டி. புதிய பதிப்பு தயார் என்றது. கீழே இரண்டு பொத்தான்கள். ‘இப்போதே’ என்று ஒன்று, ‘இன்றிரவு’ என்று ஒன்று. ‘வேண்டாம்’ என்று எங்கும் இல்லை. தஃபீதாவின் பெயர் அந்தப் பெட்டிக்குப் பின்னால் எங்கோ இருந்தது.

எதைத் தொட்டால் எது அறுந்துபோகுமோ. இன்ஷிராஹ் போனை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, கொதிக்கிற பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் திரையில் படாமல் விரிந்து நின்றன. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது, துடைக்கக் கையில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து காதைக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

அந்தப் பக்கம் கரண்டி கோப்பையின் விளிம்பில் ஒரே ஒரு தடவை தட்டி நின்றது.