ஏணி பிடிக்கிற ஆள்

"கூட யாருங்க வந்திருக்காங்க?" என்று நர்ஸ் மூன்றாவது தடவையாகக் கேட்டாள். சின்னுசாமி மூன்றாவது தடவையாக வாசல் கதவைப் பார்த்தான். மயக்க ஊசி போட்டுத் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போடவும், பிறகு கைத்தாங்கலாகக் கூட்டிப்போகவும் ஓர் ஆள் இல்லாமல் தொட மாட்டோம் என்று போன வாரமே சொல்லியிருந்தார்கள். மூன்று மாதமாகக் களி விழுங்கினால் நெஞ்சுக்குழியில் நிற்கிறது. ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், காலை ஆறு மணி பஸ்ஸில் மலையிறங்கி நாமக்கல் வந்து சேர்ந்தவனை, பதினொன்றரை மணிக்கு, பதினைந்து நாள் கழித்து வாங்க என்று அனுப்பிவிட்டாள்.

போனை எடுத்துக் கூட்டாளி யுவராஜைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அடித்துப் பிடித்து வந்துவிடுவான். பிரேமும் வருவான், செங்கோடனும் வருவான். அதுதான் ஆத்திரம். கூப்பிடாமல் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வரட்டுமே என்று சட்டைப்பையிலிருந்த போனைத் தொடாமலே உட்கார்ந்திருந்தான். வீட்டில் மனைவி மணிமேகலைக்கு ஏழு மாதம். பயந்துவிடுவாள் என்று அவளிடம் வெறும் தொண்டை வலி என்று சொல்லி வைத்திருந்தான். இவர்கள் மூவரிடம் மட்டும்தான் உள்ளதைச் சொன்னான். மிளகு காயப்போட்ட களத்தில் வைத்து, "வியாழக்கிழமை யாராச்சும் ஒருத்தன் கூட வாங்கடா" என்றான். மூன்று பேரும் தலையாட்டினார்கள். எப்போதும் நீ போ, நீ இரு என்று ஆளைப் பிரித்துச் சொல்கிறவன் அவன்தான். அன்றைக்கு அதைச் சொல்லாமல் விட்டான். வேண்டுமென்றேதான் விட்டான்.

திரும்பும் பஸ்ஸில் காரவள்ளி தாண்டி வளைவு தொடங்கியதும் பக்கத்துச் சீட்டு அம்மாள் வாயைப் பொத்தினாள். அவன் யோசிப்பதற்குள் கை பைக்குள் போய்க் கவரும் எலுமிச்சம்பழமும் எடுத்துக் கொடுத்துவிட்டது. "நல்லாயிருப்ப சாமி" என்றாள் அவள். தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது அவனுக்கு. பள்ளிக்கூட ஹாஸ்டலில் நாலு பேரும் ஒரே பாயில் படுத்த காலத்திலிருந்து இதே பிழைப்பு. யுவராஜ் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தபோது ஜீப் பிடித்தது இவன். பிரேமுக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்ததும் இவன். செங்கோடன் மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தபோது பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்ததும் இவன்தான். அதற்குக் கைம்மாறாக ஒரு பட்டம் கொடுத்திருந்தார்கள், 'பெரியம்மா' என்று. மீசை வைத்த பெரியம்மா.

ஏணிக்கு ஒரு சட்டம் போட்டதும் செங்கோடன் விழுந்த அந்த வருஷம்தான். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் நெட்டுக்குத்தாக நிற்கும். ஏணி என்பது கால் வைக்கக் கணுக்கிளைகளை மட்டும் விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில். அடியில் ஒருவன் கட்டிப் பிடிக்காவிட்டால் மேலே இருப்பவன் கதி கோவிந்தாதான். அதனால் ஏறினாலும் இறங்கினாலும் மேலே இருப்பவன் "ஆளிருக்கா?" என்று கேட்க வேண்டும். கீழேயிருந்து "இருக்கேன்" என்று பதில் வராமல் காலை எடுக்கக் கூடாது. சின்னுசாமி போட்ட சட்டம். பெரும்பாலும் அந்த "இருக்கேன்" அவன் வாயிலிருந்துதான் வரும்.

பஸ்ஸை விட்டு இறங்கியவன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக அவர்கள் மிளகு பறிக்கும் தோட்டத்துக்கு நடந்தான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போவது என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டே வந்தான். யுவராஜ் மரத்தின் மேல் கொடிக்குள் மறைந்திருந்தான். செங்கோடன் ஏணியைப் பிடித்திருந்தான். பிரேம் கீழே உட்கார்ந்து சோற்றுப் போசியைத் திறந்துகொண்டிருந்தவன், இவனைக் கண்டதும் முகம் மலர்ந்தான்.

"வந்துட்டியா. சக்கரை மாத்திரைய எந்தக் கவர்ல போட்டு வெச்ச? காலைல இருந்து தேடறேன்."

சின்னுசாமி அவனையே பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்டா."

"அட, இன்னிக்குத்தானா அது?" என்றான் பிரேம். "செங்கோடன் வந்திருப்பான்னு..." சொல்லிக்கொண்டே ஏணிப் பக்கம் திரும்பியவன், அங்கே செங்கோடன் நிற்பதைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். காலையிலிருந்து அவனோடுதான் வேலை செய்கிறான்.

"நான் யுவராஜ் போவான்னு இருந்தேன்" என்றான் செங்கோடன். "நீதான் யாரு வரோணும்னு சொல்லவே இல்லியே. சொல்லியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டமா? செரி, இதைச் சித்தெ புடி, தண்ணி குடிச்சுட்டு வாரேன்."

சொல்லிவிட்டுக் கையை எடுத்தான். மூங்கில் லேசாக நழுவியது. சின்னுசாமி பையைக் கீழே போட்டுப் பாய்ந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான். வெறும் வயிறு, கண் இருட்டியது. இரண்டு பேரில் ஒருவன்கூட டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. சொல்லவே இல்லியே என்கிறான். நாய்க்குக்கூடச் சொல்லாமல் தெரியும். இந்த நாய்களுக்காகத்தான் இத்தனை வருஷம் பையைச் சுமந்தோம் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்த கடியில் தாடைதான் வலித்தது.

மேலே கொடி அசைந்தது. இடுப்பில் கட்டிய சாக்கு நிறைந்துவிட்டது போல.

"ஆளிருக்கா?" என்றான் யுவராஜ்.

சின்னுசாமி வாயைத் திறக்கவில்லை.

"டேய் செங்கோடா, ஆளிருக்கா?"

தண்ணீர்க் குடத்தருகே செங்கோடன் திரும்பிப் பார்த்தான். பிரேம் கையில் எடுத்த சோற்றைப் போசியிலேயே போட்டான். "பெரியம்மா, சொல்லுடா" என்றான், குரல் இறங்கி. சின்னுசாமியின் கைகள் விரல் முட்டி வெளுக்கும் அளவுக்கு மூங்கிலை இறுக்கியிருந்தன. யானை வந்து முட்டினாலும் அது நகராது. வாய் மட்டும் பூட்டிக் கிடந்தது.

"கீழ ஆருடா இருக்கறீங்க?"

இலைகளுக்கு நடுவிலிருந்து யுவராஜின் ஒற்றைக் கால் வெளியே வந்தது. வெடித்த குதிகால் முழுக்க மிளகுச் சாறு. அடுத்த கணுவுக்கு ஒரு சாண் மேலே, எதன்மீதும் படாமல், அது அப்படியே நின்றது.