தன் கையால் எழுதிக் கொடுத்த ஆறு வரி

பைன்கிரஸ்ட் குடியிருப்பின் வாசல் மேசையில் ஒரு தடித்த நோட்டு இருக்கும். வந்தவர் பெயர், யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம் என்று நாலு கட்டம். மூன்று வருஷமாக கிளியோஃபஸ் பிட்மன் அந்த நோட்டில் பெயர் எழுதிவிட்டுத்தான் தன் பெண்டாட்டியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தான். வந்த நேரம் முன்னே பின்னே இருக்கும். போன நேரம் மட்டும் எப்போதும் எட்டு.

எட்டுக்கு மேல் வெளியாள் தங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். வீட்டு ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத எவனும் வெளியாள்தான், தாலி கட்டாத ஊராக இருந்தாலும் மோதிரம் மாற்றிக்கொண்ட புருஷன் உட்பட.

"மணி ஏழே முக்கால். கிளம்பு கிளியோ" என்பாள் வெர்லீன். "இல்லைன்னா ஆபீஸ் டைக்ஸ்ட்ரா அம்மா வந்து கதவத் தட்டும்."

"தட்டட்டுமே. கள்ளப் புருஷன்னு சொல்லிக்கிறேன்."

"கள்ளப் புருஷன்னா பூ வாங்கிட்டு வருவான்யா. நீ முட்டைக்கோசுல்ல தூக்கிட்டு வர்ற."

கீரையும் உருளைக்கிழங்கும் டாக்டர் நிறுத்திவிட்டார். முட்டைக்கோசு ஆகும். ஃபவுண்டரியில் பகல் ஷிப்ட் முடிந்ததும் வார்ப்பு மணலைத் தலையிலிருந்து தட்டிவிட்டு, அதையும் சோளரொட்டியையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவான். அவளுக்குச் சமைத்துப் போட்டு, காலைப் பிடித்துவிட்டு, மறுபடி பஸ் ஏறி, தான் தங்கியிருந்த சிநேகிதன் ஹோசியா வீட்டு நிலவறைக்குப் போவான். வடக்கே இருக்கிற மஸ்கீகன் ஊரில் கோடைக்காலத்தில் ஒன்பதரைக்குத்தான் வெளிச்சம் போகும். பட்டப்பகல் மாதிரி வெயில் அடிக்கும்போது பெண்டாட்டியை விட்டுவிட்டு வெளியே வருவது அவனுக்கு என்னவோ போலிருக்கும்.

முன்பு இருவரும் ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். வெர்லீனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபிறகு படி ஏற முடியவில்லை. பைன்கிரஸ்டில் தரைத்தளத்தில் ஒரு வீடு அவள் பேருக்குக் கிடைத்தது. எதிர்ச்சாரியில்தான் டயாலிசிஸ் நிலையம். ஆனால் தண்டனை பெற்றவர்களைப் பைன்கிரஸ்டில் குடிசேர்ப்பதில்லை. கிளியோவுக்கு ஒரு தண்டனை இருந்தது. மூடிக்கிடந்த ஆலைக்குள் நுழைந்து செம்புக் குழாயை அறுத்து விற்றதற்கு, 2009-ல், பதினெட்டு மாதம்.

அந்தப் பதினெட்டு மாதத்தில்தான் அவன் எழுதப் படிக்கக் கற்றான், நாற்பத்திமூன்று வயதில். அதுவரை கல்யாணப் பதிவிலிருந்து கரண்டு ஆபீஸ் வரை எல்லாத் தாளையும் நிரப்பியது வெர்லீன்தான். இவன் கையெழுத்து என்ற பெயரில் ஒரு கோடு இழுப்பான்.

வெளியே வந்த அன்று பரோல் அதிகாரி ஒன்றை மண்டையில் ஏற்றி அனுப்பினார். "பிட்மன், எவனும் கேக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு. மறைச்சு மாட்டினா ரெட்டை அடி." பதினாலு வருஷமாக அவன் அப்படியே செய்துவந்தான். வேலை கேட்ட இடத்தில், வீடு கேட்ட இடத்தில், ஒருமுறை சர்ச்சில் ஞாயிறு வகுப்புக்கு நாற்காலி போட ஆள் கேட்டபோதுகூட. நல்லவன் என்று பேர் எடுப்பதற்காக இல்லை. ரெட்டை அடிக்குப் பயந்து.

போன அக்டோபரில் வெர்லீன் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். விடியும்வரை ஈரத் தரையில் கிடந்தாள். அதற்கப்புறம்தான், நடப்பது நடக்கட்டும், கேட்டுப் பார்ப்போம் என்று கிளியோ அலுவலகத்தில் போய் ஃபாரம் வாங்கினான். வீட்டில் கூடுதலாக ஒரு ஆளைச் சேர்க்கும் ஃபாரம். அவள் டயாலிசிஸில் நாற்காலியோடு கட்டுண்டு கிடந்த நாலு மணி நேரத்தில், அவள் சமையல் மேசையில் உட்கார்ந்து, தானே நிரப்பினான். அனுமதி வந்தபிறகு அவளிடம் சொல்லி அசத்த வேண்டும் என்று ஒரு ஆசை.

'குற்றத் தண்டனை பெற்றது உண்டா?' என்று கேட்டிருந்தது. 'உண்டு' என்ற கட்டத்தில் குறி போட்டான். 'விளக்குக' என்று கீழே ஆறு கோடு. ஆறையும் நிரப்பினான்.

'2009-ல் மூடிக்கிடந்த ஆலைக்குள் போய்ச் செம்புக் குழாய் அறுத்தேன். யாருக்கும் வேண்டாத ஆலை என்று நினைத்தேன். அது தப்பு. பதினெட்டு மாதம் ஜெயிலில் இருந்தேன். அதற்குப் பிறகு எதையும் எடுக்கவில்லை. என் மனைவிக்கு ராத்திரியில் ஒரு ஆள் வேண்டும்.'

வாழ்நாளில் அவன் ஒரே மூச்சில் எழுதியதிலேயே நீளமானது அதுதான். இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒன்பதாம் நாள் மறுப்புக் கடிதம் வந்தது. வெர்லீன் அதைப் படித்துவிட்டு மடித்து டப்பாவில் போட்டாள்.

மே மாதம் முதல் சனிக்கிழமை ஹோசியா அவனைத் தொழிற்சங்கக் கட்டடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். பழைய தண்டனையை அரசாங்கப் பதிவில் யார் கண்ணிலும் படாமல் மூடுவதற்கு வக்கீல்கள் இலவசமாகப் பார்க்கிறார்களாம். மடக்கு மேசை, காப்பி, டோனட், நீளமான வரிசை. இவர்கள் முறை வந்தபோது ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். சட்டம் படிக்கிறவள். பெயர் ரெனாட்டா என்று மார்பில் ஒட்டியிருந்தது.

பெயரையும் பிறந்த தேதியையும் தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள்.

"உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையே ஐயா."

"நல்லாப் பாரும்மா. இருக்கும்."

"இல்ல ஐயா. சுத்தமா இருக்கு."

"அது எப்படி? நான் உள்ள இருந்திருக்கேன். பதினெட்டு மாசம்."

"நான் சாட்சி சொல்றேன் தாயி" என்றான் ஹோசியா. "இவன் திருடன்தான். என் ஐஸ்பெட்டில தினம் ஏதாவது காணாமப் போகுது."

அந்தப் பெண் சிரிக்காமல், கிளியோ வைத்திருந்த பழைய தீர்ப்புத் தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"இப்ப ஒரு சட்டம் இருக்கு ஐயா. வெளிய வந்து பத்து வருஷம் வேற கேஸ் இல்லாம இருந்தா, இந்த மாதிரித் திருட்டுக் கேஸெல்லாம் கம்ப்யூட்டரே மூடிடும். மனு போட வேணாம், கோர்ட்டுக்குப் போக வேணாம். உங்களுது ரெண்டு வருஷம் முன்னாடி ஏப்ரல்லயே மூடியாச்சு."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"கடுதாசி எதுவும் வராது ஐயா. அதான் இதுல குறை. தானா நடக்குது, யாருக்கும் தெரியறதில்ல."

கிளியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அப்ப போன அக்டோபர்ல, தண்டனை உண்டான்னு ஒரு ஃபாரத்துல கேட்டாங்க..."

"இல்லைன்னு எழுதியிருக்கலாம். சட்டப்படி அதுதான் சரியான பதில்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "என்ன எழுதினீங்க?"

அவன் அவள் கையிலிருந்த தீர்ப்புத் தாளைத் திரும்ப வாங்கி மடித்தான்.

"எனக்குப் பாரு தாயி" என்று ஹோசியா முன்னால் நகர்ந்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் மதுக்கடைச் சண்டையில் ஒருவனைக் கத்தியால் கீறியவன் அவன். அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டினாள்.

"ஆளுக்குக் காயம் பண்ணின கேஸ் தானா மூடாது ஐயா. நீங்க ஜட்ஜுக்கு மனு போடணும். கிடைக்கும்னு சொல்ல முடியாது."

"போகட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு நல்லவன் போதும்" என்றான் ஹோசியா. ஒரு டோனட்டை எடுத்து, கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

கிளியோ அன்றைக்கு முட்டைக்கோசோடு பூவும் வாங்கினான். வெர்லீன் பூவைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"யாருய்யா செத்தது?"

"பதிவு மூடிட்டாங்களாம். ரெண்டு வருஷம் ஆச்சாம்."

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அந்த ஆறு வரியையும் சொன்னான். அவன் தானே நிரப்பினான் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. ஆபீஸில் யாரோ எழுதித் தந்ததாகத்தான் நினைத்திருந்தாள்.

"ஆறு வரியா எழுதின?"

"ஆறும்."

"பாவி மனுஷா. எனக்கு ஒரு கடுதாசி எழுதினதில்ல. கவர்மெண்டே மறந்து போனத அவங்களுக்கு ஆறு வரி எழுதிக் குடுத்திருக்க."

சிரிக்கத்தான் செய்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஊசி குத்திக் குத்தி வீங்கிய அந்த இடது கையை மட்டும் யாரும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. அவன் அப்படித்தான், தொட்டும் தொடாமல்.

திங்கட்கிழமை டைக்ஸ்ட்ரா அம்மாளிடம் போனான். கெட்டவள் இல்லை. விதிப் புத்தகத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். அவன் எதிரிலேயே பதிவைச் சரிபார்த்தாள். ஒன்றும் இல்லை. அப்புறம் அலமாரியைத் திறந்து பழைய ஃபாரத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே மிஸ்டர் பிட்மன்?"

"ஆமா மேடம்."

"கம்ப்யூட்டர்ல இல்ல, சரி. ஆனா நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே. இத நான் பாக்கலேன்னு எப்படிச் சொல்றது?"

"அரசாங்கமே மூடிருச்சே மேடம்."

"அவங்க கிட்ட இருக்கறத அவங்க மூடினாங்க. இது எங்க தாள். ஒரு தடவை மறுத்தா ஒரு வருஷம் கழிச்சுத்தான் மறுபடி ஃபாரம் வாங்கணும். அக்டோபர் பதினாலு. நான் மேலிடத்துக்கு எழுதிப் பாக்கறேன்."

எழுதவும் செய்தாள். சங்கக் கட்டடத்துப் பெண்ணும் ஒரு கடிதம் போட்டாள். மூன்று வாரம் கழித்து மேலிடத்திலிருந்து ஒற்றை வரி வந்தது. அக்டோபர் பதினாலு.

வெர்லீன் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். "அஞ்சு மாசம்தானே. உன் குறட்டையிலேருந்து அஞ்சு மாசம் லீவுன்னு நெனச்சுக்கறேன்" என்றாள். படுக்கையில் சுவரோரம் நகர்ந்து படுத்துப் பழகினாள். இடம் விட்டு.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிற ஆள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் போனார். டைக்ஸ்ட்ரா சாவி கொண்டுவந்து திறந்தாள். வெர்லீன் படுக்கைக்கும் கதவுக்கும் நடுவே கிடந்தாள். போன் மேசையில் இருந்தது. நள்ளிரவை ஒட்டி நடந்திருக்கும் என்றார் டாக்டர். உடனே யாராவது பார்த்திருந்தால் என்று ஆரம்பித்து, கிளியோவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் சாமான்களை எடுக்கப் போனான். வாசல் மேசையில் பெயர் எழுதினான். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் பேனா நின்றது. டைக்ஸ்ட்ரா நோட்டை மெல்ல நகர்த்திக்கொண்டாள்.

"எழுத வேணாம் மிஸ்டர் பிட்மன். மாசக் கடைசி வரைக்கும் வீடு அவங்க பேர்லதான் இருக்கு. நீங்க ராத்திரி தங்கி நிதானமாக் காலி பண்ணுங்க. யாரும் கேக்க மாட்டாங்க." பிறகு மேசைக்குள்ளிருந்து அந்த ஃபாரத்தை எடுத்து நீட்டினாள். "இதையும் வெச்சுக்குங்க. இனிமே எங்களுக்கு வேணாம்."

அவன் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். உள்ளே போய் அவள் உடுப்புகளை அட்டைப் பெட்டிகளில் அடுக்கினான். பாத்திரங்களைத் துடைத்து வைத்தான். நாட்காட்டியைக் கழற்றிச் சுருட்டினான். எல்லாம் ஆனபிறகு படுக்கையின் ஓரத்தில், அவள் விட்டுவைத்திருந்த பக்கத்தில், உட்கார்ந்து அந்தத் தாளைப் பிரித்தான். கடைசி வரி ஒன்றைத்தான் படித்தான். என் மனைவிக்கு ராத்திரியில் ஒரு ஆள் வேண்டும். எழுத்து கோணாமல் நேராகத்தான் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. சுவர்க் கடிகாரம் ஏழே முக்கால் காட்டியது. கிளியோ எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டான், விளக்கை அணைத்தான், கதவைச் சாத்திப் பூட்டினான். வாசல் மேசையில் டைக்ஸ்ட்ரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, போன நேரம் என்ற கட்டத்தில் எட்டு என்று எழுதிவிட்டு, பஸ்ஸுக்குப் போனான்.