ஐந்தாவது பாத்தி

ரோஜாப் பாத்திகளில் களை எடுத்துக்கொண்டிருந்த ஆறு பெண்களும் முழங்காலுக்கு அடியில் மடித்த சாக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக நகர்ந்தார்கள். ஏப்ரல் முடியப் போகிறது. ஆனாலும் மலைப்பக்கமிருந்து வந்த காற்றில் பனியின் கடுப்பு போகவில்லை. மண்ணின் ஈரம் கையுறையைத் தாண்டி விரல் கணுக்களில் ஏறியது.

"என் கல்யாணத்துக்குக்கூட எங்கம்மா வாசலை இவ்வளவு சுத்தம் பண்ணலடி," என்றாள் பூபு. ஆறு பேரில் மூத்தவள் அவள். "இன்னிக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்க ஊர்ல புல்லே முளைக்காதா? வந்ததுக்கு நம்ம புல்லையும் ரெண்டு பார்த்துட்டுப் போகட்டுமே."

"மெதுவாப் பேசு அக்கா. கெனேஷ் ஐயா காதுல விழப் போகுது."

"விழட்டும். என்ன, அக்டோபர்ல அனுப்பறவளை மே மாசத்துலயே அனுப்புவாரு. அவ்வளவுதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். சாய்கலும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி.

அக்-தெரெக் தாவரவியல் பூங்காவில் இவர்களுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் வேலை. பனி விழத் தொடங்கியதும் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒருத்தியை மட்டும் கண்ணாடி வீட்டுக்கு வைத்துக்கொள்வார்கள். வெப்பநாட்டுச் செடிகள் சாகாமல் இருக்க அங்கே குளிர்காலம் முழுக்கக் கொதிகலன் எரியும். சாய்கலுக்கு நாற்பத்தொரு வயது. இது அவளுக்கு இரண்டாவது வருடம். போன குளிர்காலத்தில் சந்தைச் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரித்தாள். இடுப்பு ஒடிந்து படுத்த கணவனும் இரண்டு பெண்களும் அவளும் ஒரே அறையில், ஒரே அடுப்பைச் சுற்றிப் படுத்தார்கள். பிப்ரவரியில் நிலக்கரியும் தீர்ந்தது.

இந்த முறை கண்ணாடி வீட்டு வேலைக்கு முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். எழுதித் தந்தது மேரிம். வனவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண், பூங்காவுக்குப் பயிற்சிக்கு வந்தவள். மூன்று மாதம், சம்பளம் கிடையாது. முடிவில் பயிற்சிக் குறிப்பேட்டில் துணை இயக்குநர் கெனேஷ் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால்தான் கல்லூரியில் அடுத்த ஆண்டுக்குப் போக முடியும். மதியம் இந்தப் பெண்களோடுதான் உட்கார்ந்து தேநீர் குடிப்பாள். தன் கிராமத்திலிருந்து கொண்டுவந்த உப்புத் தயிர் உருண்டைகளை எல்லோருக்கும் ஆளுக்கொன்று தருவாள். சாய்கல் தன் ரொட்டியில் பாதியை அவளுக்குப் பிட்டுக் கொடுப்பாள்.

"அக்கா, 'தயவுசெய்து'ன்னு மூணு தடவை வேணாம். ஒரு தடவை போதும்," என்று விண்ணப்பம் எழுதும்போது மேரிம் சொன்னாள்.

"ரெண்டு தடவையாவது போடு. பெரிய ஆளுங்க மொதல் தடவை கவனிக்க மாட்டாங்க."

மேரிம் சிரித்துக்கொண்டே இரண்டு தடவை எழுதினாள்.

இப்போது அந்தப் பெண் பாதையில் ஓடிவந்தாள். மண் படிந்த வேலைக் கோட்டுக்குப் பதில் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள்.

"சாய்கல் அக்கா, ரோஜா முடிஞ்சதும் உங்களைப் பின்பக்கம் அனுப்புவாங்க. நாலு பாத்தி எடுங்க. அஞ்சாவதைத் தொட்டுடாதீங்க. அது புல்லு இல்ல, காட்டுத் துலிப்."

"துலிப்பா? நூல் மாதிரி நிக்குதே, அதா?"

"ரெண்டு வயசுக் குழந்தை அக்கா. பூக்க இன்னும் நாலஞ்சு வருஷம் ஆகும். விதைக்கூடத்து நினா அம்மா மலைமேல ஏறி விதை பொறுக்கினது. தகரத்துல பேர் எழுதி வெச்சிருந்தோம். பார்க்க அசிங்கமா இருக்குன்னு நேத்து ஐயா எல்லாத்தையும் பிடுங்கச் சொல்லிட்டாரு. நானே பக்கத்துல நின்னிருப்பேன், மேசைவிரிப்பு தேய்க்கக் கூப்பிடறாங்க. ஞாபகம் வெச்சுக்குங்க, அஞ்சாவது."

"போ, போ. எனக்கென்ன எண்ணத் தெரியாதா?"

பின்பக்கம் விதைக்கூடத்தை ஒட்டி ஐந்து பாத்திகள். சாய்கல் நான்கையும் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது கெனேஷ் வந்தார். புதுக் காலணியில் சேறு படாமல் இருக்கப் பலகைமேல் கால் வைத்து நடந்தார். ஐந்தாவது பாத்தியின் முன் நின்றார்.

"இது என்ன? அரை மணியில வந்துடுவாங்க. இங்க ஆடு மேய்க்கவா போறோம்?"

"ஐயா, அந்தப் பயிற்சிப் பொண்ணு இதைத் தொட வேணாம்னு சொல்லிச்சு. துலிப்பாம்."

"துலிப் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இங்க அதிகாரி யாரு, அந்தப் பொண்ணா?"

சாய்கல் வாய் திறந்தாள். அதற்குள் அவருடைய கைப்பேசி அடித்தது. பேசிக்கொண்டே, சீக்கிரம் என்று அவளுக்குக் கையால் காட்டிவிட்டு நடந்தார்.

சாய்கல் அலுவலகப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மேரிமைக் கூப்பிட்டு வரலாமா என்று நினைத்தாள். அலுவலகக் கட்டடம் தோட்டத்தின் மறுகோடியில் இருந்தது. பிறகு குனிந்து, களைக்கொத்தால் ஒரு ஓரத்திலிருந்து கொத்தத் தொடங்கினாள். இலைகள் எதிர்ப்பே இல்லாமல் வந்தன. அடியில் பார்லி மணி அளவில் ஏதோ வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் கை நிற்கவில்லை. இருபது நிமிடத்தில் பாத்தி துடைத்த மாதிரி ஆயிற்று. களையை வண்டியில் அள்ளிக் குப்பைக் குழியில் கொட்டினாள்.

விருந்தினர்கள் வந்தார்கள். தேநீர் குடித்தார்கள், ரோஜாப் பாத்திகளின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். காற்று அதிகமாக இருந்ததால் பின்பக்கம் வராமலே போய்விட்டார்கள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு நினா வசீலியெவ்னா பாத்தியைப் பார்த்தாள். அறுபத்தாறு வயதிலும் வருட ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் விதை ஆய்வாளர் அவள். நேராகக் குப்பைக் குழிக்குப் போய் மண்டியிட்டாள். மேரிம் வெள்ளைச் சட்டையோடு சல்லடை எடுத்து ஓடினாள். சாய்கலும் போய் நின்றாள்.

"அக்கா, இந்தப் பக்கம் பிடிங்க," என்றாள் மேரிம்.

மூவரும் மண்ணைச் சலித்தார்கள். கல், வேர், புழு, எப்போதாவது மணி அளவில் ஒரு வெள்ளைத் துலிப் கிழங்கு. நினா ஒவ்வொன்றையும் எடுத்து ஈரத் துணியில் வைத்தாள். இருட்டுவதற்குள் முப்பத்திரண்டு கிடைத்தன. விதைத்து முளைத்திருந்தவை நானூறுக்கு மேல்.

கை கழுவும் குழாயடியில் மேரிம் தணிந்த குரலில் கேட்டாள்: "நான் சொன்னேன்னு ஐயாகிட்ட நீங்க சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"அப்போ சரி. அவருக்கே தெரியும்ல."

மறுநாள் காலை கெனேஷின் அறைக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். பருவ வேலைக்காரப் பெண்கள் காலணியை வெளியே கழற்றிவிட்டு, காலுறையோடு சுவரை ஒட்டி நின்றார்கள். நினா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேரிம் நடுவில் நின்றாள். சட்டையின் முழங்கைப் பக்கம் மண் கறை போகவில்லை.

கெனேஷ் கத்தவில்லை. இயக்குநருக்கு அறிக்கை எழுத வேண்டும் என்றார். நடந்தது யாருடைய கவனக்குறைவு என்று தெரிய வேண்டும் என்றார். மேசைமேல் காகிதங்கள் பரப்பிக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே சாய்கல் தன் விண்ணப்பத்தைப் பார்த்தாள். மேரிமின் உருண்டை எழுத்து, இரண்டு 'தயவுசெய்து'. அதன்மேல் அவருடைய தேநீர்க் கோப்பை இருந்தது.

"அந்தப் பாத்திக்குப் பொறுப்பு பயிற்சி மாணவி. வேலைக்காரங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது அவளோட கடமை. சாய்கல், நல்லா யோசிச்சுச் சொல்லு. தொடக் கூடாதுன்னு இந்தப் பொண்ணு உன்கிட்ட சொல்லிச்சா?"

அவர் கோப்பையைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். திரும்ப வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மேரிம் முகத்தில் கலவரமே இல்லை. விடை தெரிந்த கேள்வி என்பதால் நிம்மதியாகத்தான் நின்றாள்.

"சொல்லல," என்றாள் சாய்கல்.

"சத்தமா."

"சொல்லலைங்க ஐயா."

"அக்கா?" என்றாள் மேரிம். காதில் சரியாக விழவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்பது போல இருந்தது அந்தக் குரல். சுவரோரம் பூபு தொண்டையைக் கனைத்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். நினா மடியிலிருந்த கைகளைத் திருப்பி நகத்துக்குள் இருந்த மண்ணை எடுத்துக்கொண்டிருந்தாள்.

குறிப்பேட்டில் கெனேஷ் ஒரு வரி எழுதினார். முத்திரை குத்தவில்லை. மதியத்துக்குள் மேரிம் போய்விட்டாள். சாப்பாட்டு நேரத்தில் சாய்கல் பழக்கத்தில் ரொட்டியை இரண்டாகப் பிட்டாள். பிட்ட பிறகு இரண்டு பாதியையும் திரும்பத் துணியில் சுற்றி வைத்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

வீட்டில் கணவனிடம், "பெரும்பாலும் கண்ணாடி வீடு எனக்குத்தான்," என்று மட்டும் சொன்னாள். அவன் சந்தோஷத்தில் எழுந்து உட்காரப் பார்த்தான். பெரிய பெண், "அங்க வாழைமரம் இருக்காமே, இலை கொண்டு வருவியா?" என்று கேட்டாள். சாய்கல் பாத்திரம் கழுவும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் நடுவில் ஒருநாள், மற்றவர்கள் தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது, விதைக்கூடத்துக்குள் போனாள். நினா சிறிய காகித உறைகளில் விதை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"நினாம்மா, அந்தப் பொண்ணு என்கிட்ட சொல்லுச்சு. ஐயாகிட்டயும் நான் சொன்னேன். அவர்தான்…"

"தெரியும்," என்றாள் நினா.

"யார் சொன்னாங்க?"

"யார் சொல்லணும்? அன்னிக்கு நான் அலுவலகத்துல இருந்தேன், ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு. ரோஜாப் பாத்தியில அவ உன்கிட்ட ஓடி வந்து சொன்னது கேட்டுது. 'எண்ணத் தெரியாதா'ன்னு நீ சொன்னது வரைக்கும் கேட்டுது."

சாய்கல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அன்னிக்கு நீங்களாவது…"

நினா உறையின் வாயை மடித்து, விரலால் இரண்டு தடவை அழுத்தினாள். "ஒவ்வொரு மே மாசமும் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும்," என்றாள். பிறகு நிமிராமலே, "வெளியே குழாய் ஓடுது பாரு. மூடிட்டுப் போ."

சாய்கல் குழாயை மூடினாள். கல்லூரிக்குப் போய்ச் சொல்லலாம் என்று அந்த வாரம் முழுக்க நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிறுத்தம் வரைக்கும் போனாள். இரண்டு பேருந்துகளை விட்டாள். மூன்றாவது வருவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அக்டோபரில் ஐந்து பேரும் கையுறைகளையும் மண்வெட்டிகளையும் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சாய்கல் கண்ணாடி வீட்டில் கோட்டைக் கழற்றி மாட்டினாள். குளிர்காலம் முழுக்க வெறும் சட்டையோடு வேலை செய்தாள். வெளியே பனி இடுப்பு உயரம் கிடந்தது. உள்ளே எலுமிச்சை பூத்தது. வீட்டில் நிலக்கரி தீரவில்லை. விரல்களின் வெடிப்பு ஆறியது. இயக்குநர் அலுவலகத்திலிருந்து யாராவது உள்ளே வந்தால் மட்டும் அவள் ஏதாவது ஒரு பெரிய செடியின் பின்னால் போய்க் குனிந்துகொள்வாள்.

ஏப்ரலில் கதவருகே மறுபடியும் வரிசை நின்றது. இப்போது கருவிகளைக் கொடுப்பதும் பெயர் குறிப்பதும் சாய்கலின் வேலை.

"வணக்கம் அதிகாரி அம்மா," என்றாள் பூபு, வரிசையின் முன்னால் நின்று. "போன வருஷக் கையுறையில ஓட்டை. இந்த வருஷமாவது கட்டை விரலுக்குத் துணி இருக்கிறதாப் பார்த்துக் குடு." கையுறையை வாங்கியவள் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். "பின்னாடி பாரு. நாலாவது ஆள்."

சாய்கல் பார்த்தாள். தலையில் துணி கட்டி, யாரோ ஓர் ஆணின் பழைய மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு மேரிம் நின்றாள்.

"அரசாங்கச் சீட்டு போயிடுச்சாம்," என்றாள் பூபு. "பணம் கட்டித்தான் படிக்கணும்னுட்டாங்க. அவங்கப்பன் எங்க போவான்?"

வரிசை நகர்ந்தது. மேரிம் மேசை முன் வந்தாள். சாய்கல் பேனாவை எடுத்தாள். பெயர் கேட்கத் தேவையில்லை. ஆனாலும் எழுதாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"மேரிம்," என்றாள் அந்தப் பெண். "பருவ வேலை." பிறகு, "சின்ன அளவுக் கையுறை இருக்குங்களா?"

அக்கா என்று அவள் சொல்லவில்லை. சாய்கல் பெட்டியைக் கிளறினாள். எல்லாம் ஒரே அளவுதான். ஒரு ஜோடியை எடுத்து நீட்டினாள். மேரிம் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

கெனேஷ் படிகளில் இறங்கிவந்து வரிசையை ஒருமுறை பார்த்தார். அவர் பார்வை மேரிம்மேலும் பட்டு, எங்கும் நிற்காமல் கடந்து போயிற்று.

"சாய்கல், புதுசா வந்தவங்களைப் பின்பக்கம் கூட்டிட்டுப் போ. எது களை, எது செடின்னு காட்டு. போன வருஷம் மாதிரி ஆகக் கூடாது."

புதியவர்கள் நான்கு பேர். பாத்தியின் ஓரத்தில் சாக்கு போட்டு உட்கார்ந்தார்கள். மேரிமும் உட்கார்ந்தாள். சாய்கல் அவர்கள் முன்னால் மண்டியிட்டு ஒரு தழையைத் தொட்டாள்.

"இது…" என்று தொடங்கினாள்.

மூன்று பேர் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். மேரிம் மட்டும் காத்திருக்கவில்லை. பெரிய கையுறையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, வெறும் விரலால் நாற்றுகளை ஒவ்வொன்றாக விலக்கி, இடையிலிருந்த புல்லை மட்டும் வேரோடு எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.