நீலக்கோடு, சிவப்புக்கோடு

டீச்சரிடம் எல்லாமே வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். விமர்சனம் எழுதினால், கண்ணால் பார்த்த உண்மைக்கு அடியில் நீலக்கோடு. நம் அபிப்பிராயத்துக்கு அடியில் சிவப்புக்கோடு. "உண்மையே இல்லாம அபிப்பிராயம் சொன்னா அது வெறும் வம்பு. உண்மையை மட்டும் அடுக்கினா அது பட்டியல். ரெண்டும் கலக்கணும், புரியுதா?" புரிந்ததோ இல்லையோ, நாற்பது தலையும் ஆடின.

தெருவில் ஏதாவது ஒரு கடையைப் பற்றி எழுதச் சொன்னாள். வகுப்பு லீடர் இருக்கிறானே, வாய்த்துடுக்கு, அவன் பிடித்தது ஒரு தையல்கடை. 'தைத்து வந்த பேன்ட்டில் ஒரு கால் ஓர் அங்குலம் குட்டை': நீலம். 'இந்த டெய்லர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தால் ஊருக்கே நல்லது': சிவப்பு. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும்தான். பத்துக்குப் பத்து போட்டு, தாளைச் சுவரில் ஒட்டினாள். யார் கடையடா என்று ஒரு வார்த்தை கேட்க அந்த மகராசிக்குத் தோன்றவில்லை.

பெற்றோர் கூட்டத்தன்று ஒருவர் அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க கிளாஸ்லயே பெஸ்ட் இதுதாங்க."

"நல்லா எழுதியிருக்கான் டீச்சர். பொய் ஒண்ணும் இல்ல."

மூன்றாம் பெஞ்சுப் பெண், எல்லாரும் வாயில்லாப்பூச்சி என்று கூப்பிடுகிறவள், ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "வாப்பா, போலாம்."

மறுநாள் அவள் நோட்டு மேசையில் இருந்தது. 'எங்கப்பா கடையில் ஒரு மெஷின் இருக்கிறது. போன வருஷத்திலிருந்து அப்பாவுக்கு வலது கை நடுங்குகிறது. லீடர் பேன்ட்டை மூன்று தடவை பிரித்துத் தைத்தார். அப்படியும் ஒரு கால் குட்டைதான். நேற்று சாயங்காலம் கத்தரிக்கோலை எண்ணெய் போட்டுத் துடைத்து, துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார்.' அத்தனையும் நீலம். அடியில் பென்சிலில் ஒரு வரி: 'டீச்சர், அபிப்பிராயம் எழுத வரல. மார்க் குறைச்சுக்கோங்க.'

அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன் என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். சுவரிலிருந்த தாளைக் கிழித்தாள். கிழித்து என்ன, படிக்க வேண்டியவர் படித்துவிட்டுப் போயாயிற்று. சாயங்காலம் ஒரு புதுத் துணியோடு கடைக்கு ஓடினாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மெஷின்மேல் போர்வை கிடந்தது. அவர் எழுந்து நின்றார்.

"முன்ன பின்ன ஆனாலும் பரவாயில்லைங்க, நீங்கதான் தைச்சுக் கொடுக்கணும்."

அவர் துணியைத் தடவிப் பார்த்தார். "இருபது வருஷத்துல, பரவாயில்லைன்னு சொல்லி யாரும் என்கிட்ட துணி கொடுத்ததில்ல டீச்சர்."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். துணியை மடித்து அவளிடமே நீட்டினார். மடிப்பு கோணிப்போயிருந்தது. பக்கத்தில் நின்ற மகள் அதை வாங்கி, உதறி, ஓரம் சேர்த்து நேராக மடித்து டீச்சர் கையில் கொடுத்தாள்.