பாதி வழியில் திரும்பிய வண்டி

சர்புன்னிசாவின் வீட்டு முன்னறைக்குள் போக வேண்டுமென்றால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். அவள் புருஷன் அப்துல் சுக்கூர் சவூதியிலிருந்து லீவுக்கு லீவு கொண்டுவந்த சாமான்கள் எப்போதோ தீர்ந்துபோயின. அவை வந்த டப்பாக்கள் மட்டும் தீரவில்லை. பால்பவுடர் டின், அட்டைப்பெட்டி, போர்வை வந்த ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை, காலி செண்ட் பாட்டில், கழுத்தொடிந்த டேபிள் ஃபேன் என்று கூரை வரை அடுக்கி வைத்திருந்தாள்.

"இருக்கட்டும், எதுக்காவது ஆவும்" என்பாள், யாராவது கேட்டால்.

அவர் பிளேன் ஏறிய மறுநாள் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். அப்போது ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து மூக்கை நுழைத்தால் அவருடைய சோப்பு வாசனை வரும். அதைப் போய் எப்படித் தூக்கிப் போடுவது?

எண்பத்தெட்டில் சுக்கூர் ஒரேயடியாக மரக்காணம் திரும்பிவிட்டார். அந்த முன்னறையில் துணிக்கடை வைக்கலாம் என்று அவருக்கு ஆசை. அவர் ஒரு டின்னைக் கீழே இறக்கினால், அவள் அதைத் துடைத்து மறுபடி மேலே ஏற்றுவாள். "அதான் நானே வந்துட்டேனே, இது எதுக்கு?" என்று கேட்டுப் பார்த்தார். "நாளைக்குப் பாக்கலாங்க" என்றாள். அந்த நாளை வரவே இல்லை.

பெரிய முதலியார்சாவடியில் தங்கச்சி குழந்தைக்குப் பேர் வைக்கிற விசேஷம். போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, சர்புன்னிசா மறுநாள் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். உப்பளம் தாண்டும்போது எதிரே ஒரு மாட்டுவண்டி. அதன் உச்சியில் கழுத்தைத் தொங்கப்போட்டபடி அவளுடைய ஃபேன்.

"நிறுத்துங்க! என் வூடு போவுது, நிறுத்துங்க!"

கண்டக்டர் பயந்துபோய் விசில் ஊதினார். கையில் இனிப்புப் பையோடு இறங்கி ஓடினாள். பாவாடை என்கிற வண்டிக்காரன் மாட்டை இழுத்துப் பிடித்தான்.

"பாய்தாம்மா ஏத்திவுட்டாரு. காயலாங்கடையில போடச் சொன்னாரு."

"வண்டியத் திருப்பு."

டின்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டாள். கோபத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு வார்த்தை சொல்லாமல் செய்துவிட்டாரே!

அந்த நேரம் பார்த்து, உப்பு வாரி முடித்த பெண்கள் பாத்தியிலிருந்து ரோட்டுக்கு ஏறினார்கள். முன்னால் வந்தவள் தையல்நாயகி.

"என்னா பாயம்மா, மேளம் இல்லாம ஊர்வலமா?" என்று சிரித்தவள், வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "அந்த மூடி போட்ட டின்னு ஒண்ணு குடேன். வூட்ல அரிசியில எலி வாய வெக்கிது."

சர்புன்னிசா டின்னை மடியில் அணைத்துக்கொண்டாள். பிறகு, தன்னை அறியாமல், நீட்டினாள். தையல்நாயகி மூடியை அழுத்திப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்த டின் அவ்வளவு அழகாகத் தெரிந்ததே இல்லை.

"பருப்புக்கு வேணாமா? இன்னொண்ணு எடுத்துக்க."

அவ்வளவுதான். பெண்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். அடைக்கோழி வைக்க ஒருத்திக்கு அட்டைப்பெட்டி. மழையில் ரேஷன் கார்டு நனையாமலிருக்க இன்னொருத்திக்கு ஜிப் பை. செண்ட் பாட்டிலில் மிச்சமிருந்த வாசனையை உப்புக் கையில் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டு ஆளுக்கு ஆள் முகர்ந்து பார்த்தார்கள். எறியச் சொன்னால் வராத கை, கேட்டதும் தானாக நீண்டது. கொடுக்கக் கொடுக்க அவளுக்குச் சிரிப்பாக வந்தது. இனிப்பையும் பிரித்துக் கொடுத்துவிட்டாள்.

"அம்மா, என் மச்சான் ஃபேன் ரிப்பேர் பண்ணுவான்..." என்று பாவாடை தலையைச் சொறிந்தான்.

"எடுத்துக்கப்பா!"

திரும்பி வரும் வண்டிச் சத்தம் கேட்டு சுக்கூர் வாசலுக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. வெறும் வண்டியில் அவள் ஒரே ஒரு அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது மட்டும் எனக்கு" என்றாள்.

"தாராளமா வெச்சுக்க" என்றார் அவசரமாக.

"என்னைக் கேக்காம செஞ்சது தப்புங்க."

"தப்புதான் நிசா."

உள்ளே போய்ப் பார்த்தாள். முன்னறை இவ்வளவு பெரிதா? கையை விரித்து ஒரு சுற்று சுற்றினாள். அப்போதுதான் உள்ளறைக் கட்டிலடியில் இருந்த அவருடைய சூட்கேஸ் கண்ணில் பட்டது. வந்ததிலிருந்து அதைத் திறந்ததே இல்லை அவர்.

"இதையும் ஏத்தியிருக்கலாமே?"

"அது... அது வேணாம்" என்று குறுக்கே வந்தார். அதற்குள் அவள் திறந்துவிட்டாள். லுங்கித் துணியில் சுற்றிய கண்ணாடி பாட்டில்கள். ஊருக்கு வந்து போகிறவர்களிடம் அவள் எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுத்தனுப்பிய அதே பாட்டில்கள். கழுவித் துடைத்து, எல்லாம் காலி.

"இத எதுக்குங்க பிளேன்ல தூக்கினு வந்தீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "ஊறுகா தீந்துபோச்சு. பாட்டில எறிய மனசு வரல."

சர்புன்னிசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கொஞ்ச நேரம் முழித்த சுக்கூரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

வாசலிலிருந்து பாவாடை குரல் கொடுத்தான்: "பாய், இன்னொரு நடை இருக்குதா?"

"இல்லப்பா, நீ போ!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.