இரண்டாம் கியர்

டெனிஸ்டனின் காரில் கியர் தடி வைத்த இடத்தில் நிற்காது. நியூட்ரலில் விட்டால் காலிப் பானையில் போட்ட கரண்டி மாதிரி இப்படியும் அப்படியும் ஆடும். மூன்றைத் தேடிப் போனால் ஒன்று கிடைக்கும். ரிவர்ஸைக் கேட்டால் கரகரவென்று ஒரு சத்தம்தான் பதிலாக வரும். வேறு யாராவது என்றால், ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று விட்டிருப்பார்கள். டெனிஸ்டனால் விட முடியவில்லை. மனைவி சரோனுக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பழைய காரை அவன் ஊர் சுற்றிப் பார்க்க வாங்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் சரோனுக்கு முதல் வலி எடுத்தபோது, அவர்கள் குடியிருந்த மேல் பிரிவு லயத்து வரிசை வீடுகளுக்குத் தோட்டத்து லொறிதான் வந்தது. வந்ததும் தாமதம், போனதும் தாமதம். ஆஸ்பத்திரியில் பிள்ளை உயிரில்லாமல்தான் கைக்கு வந்தது. "ஏத்தத்துல கியர் நழுவி நழுவிப் போச்சு தம்பி, நான் என்ன செய்ய" என்றார் லொறி டிரைவர் சின்னத்தம்பி. "கியர் போடத் தெரியாத ஆளுக்கு எதுக்கு லொறி?" என்று ஆஸ்பத்திரி வாசலில் பத்துப் பேர் பார்க்க டெனிஸ்டன் கேட்டான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. ஒரே ரப்பர் தோட்டம். அவர் ரப்பர் பாலைக் கொண்டுவந்து பெக்டரியில் இறக்குவார். இவன் அந்தப் பாலில் செய்த ஷீட்டைப் புகை வீட்டில் தொங்கவிடுவான். தினமும் பார்த்துக்கொண்டு தினமும் பேசாமல் இருப்பதற்கு நல்ல மனவுறுதி வேண்டும். டெனிஸ்டனிடம் அது தாராளமாக இருந்தது.

இந்தத் தடவை யாரையும் நம்பக் கூடாது என்பதுதான் அவன் எண்ணம். அதனால்தான் அந்த ஆடுகிற தடி அவனைப் படுத்தியது. சாப்பிடும்போதும் இடது கை தானாகக் கியர் மாற்றியது. தேத்தண்ணி ஆறுவதற்குள் நான்கு தடவை எழுந்துபோய்க் காரில் உட்கார்ந்து தடியை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"புள்ளய சுமக்கிறது நானு, நோவு என்னமோ ஒங்களுக்கு" என்றாள் சரோன்.

தெஹியோவிட்டயில் கபூர் நானாவின் கராஜில் காரைத் தூக்கிப் பார்த்தார்கள். கியர் தடியும் அடியில் போகிற கம்பியும் சேரும் இடத்தில் மோதிரம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்க வேண்டும். அதைத்தான் புஷ் என்பது. அங்கே கபூரின் விரலில் ஒட்டியது கொஞ்சம் தூள் மட்டும்தான்.

"புஷ் முடிஞ்சி தம்பி. சாமான் கொழும்புலருந்து வரணும். வெள்ளிக்கிழமை வாங்க, போட்டுத் தாறன்."

"அதுக்கு முன்னால வலி வந்துட்டா, நானா?"

"அல்லா காப்பான். அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க."

மெதுவாக என்ற சொல் டெனிஸ்டனுக்கு ஆகாத சொல். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனம் கொதித்தது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் புகையிலேயே வளர்ந்தவன், ஒரு வளையத்துக்காக வெள்ளிக்கிழமை வரை காத்துக் கிடப்பதா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று நினைத்தான். மறுநாள் புகை வீட்டில் வெட்டி ஒதுக்கிய ஷீட் ஓரங்களில் நன்றாகக் காய்ந்த, பழுப்பேறிய இரண்டு துண்டுகளை எடுத்தான். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி, பால் வெட்டும் கத்தியால் வட்டமாகச் சீவி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நடுவில் துளை போட்டான். காருக்கு அடியில் படுத்து, கம்பியைக் கழற்றி, வளையத்தை மாட்டி, மேலே தாராளமாகக் கிரீஸும் பூசினான்.

தடி நின்றது. முதல் கியர் 'டக்' என்று விழுந்தது. ரிவர்ஸ் கூட முனகாமல் வந்தது. டெனிஸ்டன் லயத்து வாசலில் காரை முன்னும் பின்னும் ஓட்டி எல்லோருக்கும் காட்டினான். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஜெயம்மாக்கா, "கோழி குஞ்செல்லாம் செத்துரப் போவுது, நிறுத்து" என்று சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினான்.

அந்தச் சந்தோஷத்தோடு கபூருக்குப் போன் செய்தான். "நானா, சாமான் வேணாம். நானே செஞ்சு போட்டுட்டேன்."

"எதுல செஞ்ச?"

"எங்க ஷீட் ரப்பர்லதான்."

"தம்பி, அது வேகாத ரப்பர். டயர், செருப்பெல்லாம் மருந்து போட்டு வேகவச்சது. இது சூடும் கிரீஸும் பட்டா..." என்று கபூர் தொடங்கினார். "வேலை இருக்கு நானா" என்று சொல்லி டெனிஸ்டன் போனை வைத்துவிட்டான். ரப்பரைப் பற்றி அவனுக்கே பாடமா?

வியாழக்கிழமை, வெயில் ஏறிப் பால் சேர்க்கும் நேரத்தில் சரோனுக்கு வலி எடுத்தது. டெனிஸ்டன் அன்று வேலைக்குப் போயிருக்கவில்லை. பையை எடுத்துக் காருக்குள் எறிந்தான், எதையோ மறந்ததாக நினைத்து வீட்டுக்குள் ஓடினான், என்ன மறந்தோம் என்று தெரியாமல் வெளியே வந்தான். ஜெயம்மாக்கா சரோனைப் பின் சீட்டில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். "நீ மொதல்ல மூச்ச விடு" என்று அவனிடம்தான் சொன்னாள்.

இறக்கத்தில் கார் நன்றாகத்தான் போனது. குண்டும் குழியுமான பாதை. கியரை மாற்றி மாற்றித்தான் இறங்க வேண்டும். எஞ்சின் சூடேறச் சூடேற, தடி பழையபடி இளகுவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவன் நம்பவில்லை. மதகடி வளைவு தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் இரண்டாவதைப் போட்டான். தடி எந்த எதிர்ப்பும் இல்லாமல் சரிந்து விழுந்தது. எஞ்சின் உறுமியது, கார் நகரவில்லை.

பிரேக்கைப் போட்டு இறங்கி, அடியில் படுத்துக் கையை விட்டான். விரலில் பழுப்பாக, பசையாக, நூல் நூலாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் செய்த புஷ். கம்பி தனியாகத் தொங்கியது. டெனிஸ்டனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. போனைப் பார்த்தான், அந்தப் பள்ளத்தில் சிக்னல் எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை.

"ஏங்க," என்றாள் சரோன் உள்ளேயிருந்து. பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினாள். "லொறி சத்தம் கேக்குது. நிப்பாட்டுங்க."

அவன் அசையவில்லை. அது யாருடைய லொறி என்று அவனுக்குத் தெரியும்.

"நீங்க நிப்பாட்டுறீங்களா, இல்ல நான் எறங்கி நிப்பாட்டவா?"

அவன் கையைக் காட்டுவதற்கு முன்பே லொறி நின்றுவிட்டது. பின்னால் பால் நிறைந்த டிரம்கள். சின்னத்தம்பி காரைப் பார்த்தார், சரோனைப் பார்த்தார், பசை ஒட்டிய டெனிஸ்டனின் கையைப் பார்த்தார்.

"பின்னால வேணாம், தூக்கிப் போடும். புள்ள முன்னால ஏறட்டும்" என்றார். ஜெயம்மாக்கா டிரம்களுக்கு நடுவில் ஏறி, கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சரோன் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நடுவில் கியர் தடிக்குப் பக்கத்தில் டெனிஸ்டன் ஒடுங்கிக்கொண்டான்.

ஏற்றத்தில் லொறி முனகியது. சின்னத்தம்பி இரண்டாவதைப் போட்டார். பத்தடி போனதும் தடி 'தடக்' என்று தானாகவே வெளியே குதித்தது. லொறி பின்னால் சறுக்கியது. பிரேக்கைப் பிடித்து, மறுபடி போட்டார். மறுபடி குதித்தது.

"இன்னும் இதேதானா?" என்று கேட்டுவிட்டான் டெனிஸ்டன். மூன்று வருடத்தில் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"தோட்டத்து வண்டிக்கு புஷ் மாத்த மாட்டாங்க தம்பி. டிரைவரதான் மாத்துவாங்க." அவர் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டுல போடுறேன். நீ பிடிச்சுக்க. விட்டுறாத."

டெனிஸ்டன் இரண்டு கையாலும் பிடித்தான். தடி உள்ளே இருந்து உயிருள்ளது போல உதைத்தது. முழங்கை வரை நடுங்கியது. பக்கத்தில் சரோன் அவன் தோளில் நகத்தைப் பதித்தாள். அவன் தடியை விடவில்லை. லொறி அங்குலம் அங்குலமாக மேட்டைப் பிடித்து ஏறியது.

பெக்டரி கேட்டில் காவலாளி பாலை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். லொறி நிற்காமல் போவதைப் பார்த்து, "கொஹேத யன்னே?", எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே பின்னாலேயே ஓடிவந்தான். "லெடெக் இன்னவா, இஸ்பிரிதாலெட்ட" என்று சின்னத்தம்பி கத்தினார். ஆளுக்குச் சுகமில்லை, ஆஸ்பத்திரிக்கு என்றதும் அவன் நின்றுவிட்டான். நேரத்துக்கு இறக்காத பால் என்ன ஆகும் என்று டெனிஸ்டனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்னத்தம்பிக்கும் தெரியும்.

அவிசாவளை ஆஸ்பத்திரியில் சரோனை உள்ளே கொண்டுபோனார்கள். டெனிஸ்டன் வராந்தாவில் நடந்தான். உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி நடந்தான். அவன் விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன. கதவு திறந்து தாதி ஒருத்தி, "துவெக்" என்று சிரித்தாள். பெண் பிள்ளை. உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

வெளியே வந்தபோது சின்னத்தம்பி டிரம் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பால் முழுக்கத் தயிராகக் கட்டியிருந்தது. தோட்டத்தை நடத்துகிற தொரை சும்மா விடமாட்டார்.

"பொம்பளப் புள்ளண்ணே. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"முருகா," என்று அவர் மூடியைப் போட்டார்.

"தொரைகிட்ட நானும் வாறேன். நான்தான் வண்டிய மறிச்சேன்னு சொல்றேன்." டெனிஸ்டன் டிரம் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே, அன்னைக்கு நீங்க சொன்னது பொய்யின்னு நெனைச்சேன். ஊர் முன்னால கேவலமாப் பேசினேன்."

சின்னத்தம்பி தோளில் கிடந்த துண்டை எடுத்து டிரம் விளிம்பைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"இந்தக் கியர ஒரு ஆளு பிடிச்சுக்கிட்டா போதும் தம்பி, ஏறிரும். அன்னைக்கு ஒன்னைய கூப்பிடலாம்னு திரும்பிப் பாத்தேன். நீ பின்னால, சரோன் புள்ள தலைய மடியில வச்சுக்கிட்டு அழுதுகிட்டு இருந்த. எப்புடிக் கூப்பிடுறது?"

டெனிஸ்டன் பசை காய்ந்து கறுத்த இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில், பத்துப் பேர் பார்க்க அழுதான்.